பந்தய முடிவைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: பிட் ஸ்டாப் கணக்கு

ஃபார்முலா ஒன் பந்தயம் முடிந்த சில நிமிடங்களிலேயே தீர்ப்புகள் வந்துவிடுகின்றன. அந்த அணி டயர் மாற்றியிருக்கக் கூடாது, இந்த அணி மாற்றாமல் விட்டதுதான் முட்டாள்தனம், ஜெயித்தவருக்கு வெறும் அதிர்ஷ்டம். இவற்றில் பல, முடிவுப் பட்டியலை மட்டும் பார்த்துச் சொல்லப்படுபவை. முடிவெடுத்த அந்த நேரத்தில் இரண்டு கார்களுக்கு நடுவே எத்தனை விநாடி இடைவெளி, இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்ற இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தால் அதே பந்தயம் வேறு மாதிரி தெரியும். அப்படிப் பார்க்க விடாத சில தவறுகள் இருக்கின்றன.

முதல் தவறு, திரையில் ஓடும் 2.1, 2.4 என்ற எண்ணைப் பிட் ஸ்டாப்பின் (டயர் மாற்ற உள்ளே வந்து நிற்பதன்) விலையாக எடுத்துக்கொள்வது. அது கார் அசையாமல் நின்ற நேரம் மட்டுமே. அதற்காகத் தடத்திலிருந்து விலகிச் செல்லும் பாதையான பிட் லேனில் வேக வரம்பு பெரும்பாலான தடங்களில் மணிக்கு 80 கி.மீ., மொனாக்கோவில் 60. பக்கத்து நேர்பாதையில் மற்றவர்கள் 300-ஐ ஒட்டிப் பறக்கும்போது டயர் மாற்ற வந்தவர் அந்த வரம்புக்குள்தான் போக முடியும். உள்ளே நுழைந்து வெளியே வருவதற்குள் ஆகும் மொத்த இழப்பு, தடத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும் என்றாலும், ஏறக்குறைய 20 விநாடி. கணக்குப் போட வேண்டியது இந்த 20-ஐ வைத்துத்தான்.

2023-ல் கத்தாரில் மெக்லாரன் ஆட்கள் லாண்டோ நோரிஸின் நான்கு டயர்களையும் 1.80 விநாடியில் மாற்றி உலக சாதனை படைத்தார்கள். அந்தப் பந்தயத்தில் நோரிஸ் வந்தது மூன்றாவது இடத்தில். அரை விநாடி மிச்சம் பிடிப்பது, இரண்டு கார்கள் ஒட்டிக்கொண்டு ஓடும்போதுதான் இடத்தை மாற்றும். மெதுவான பிட் ஸ்டாப் அப்படியல்ல, அது பந்தயத்தையே முடித்துவிடும். 2016 மொனாக்கோவில் முதலில் ஓடிக்கொண்டிருந்த டேனியல் ரிக்கார்டோ உள்ளே வந்தபோது ரெட் புல் ஆட்களிடம் டயர் தயாராக இல்லை. கையிலிருந்த வெற்றி லூயிஸ் ஹாமில்டனுக்குப் போனது. 2021-ல் அதே ஊரில் வால்டேரி போட்டாஸின் சக்கர நட்டு தேய்ந்து மழுங்கி, சக்கரம் கழலவே இல்லை. அவர் பந்தயமே அங்கே முடிந்தது.

பெட்ரோல் நிரப்பவும்தான் நிற்கிறார்கள் என்று இன்னும் நினைப்பவர்கள் உண்டு. 2010 முதல் அதற்குத் தடை. முழுப் பந்தயத்துக்கும் தேவையான எரிபொருளைச் சுமந்துகொண்டுதான் கார் கிளம்புகிறது. சுற்றுக்குச் சுற்று எடை குறைவதால், ஓட்டுநர் எதுவும் செய்யாமலே கார் வேகமாகிக்கொண்டு வரும். ஐந்தாவது சுற்றின் நேரத்தையும் ஐம்பதாவது சுற்றின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர் பிற்பாதியில்தான் உயிரைக் கொடுத்து ஓட்டினார் என்று சொல்வது சரியாக வராது. கடைசியில் புது டயர் போட்டு எடுத்த அதிவேகச் சுற்றும் அப்படித்தான்.

முன்னால் ஓடுபவர் யார்?

பந்தயத்தின் நடுவில் பட்டியலின் உச்சியில் இருப்பவரை முன்னணியில் இருப்பவர் என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. இன்னும் டயர் மாற்றாதவர் முதலிடத்தில் இருந்தால், அவர் கணக்கில் 20 விநாடி கடன் இருக்கிறது. அவருக்கும் டயர் மாற்றி முடித்தவருக்கும் 12 விநாடி இடைவெளி என்றால், உண்மையில் அவர் 8 விநாடி பின்னால்தான் இருக்கிறார். மழை இல்லாத பந்தயத்தில் குறைந்தது இரண்டு வகை டயர்களைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பது விதி. அதனால் அந்தக் கடனை அடைக்காமல் யாரும் தப்ப முடியாது.

இதை நன்றாகக் காட்டும் பந்தயம் 2019 ஹங்கேரி. மாக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்கு வாழ்க்கையின் முதல் போல் பொசிஷன், அதாவது முதலிடத்திலிருந்து கிளம்பும் உரிமை. மொத்தம் 70 சுற்று. ஹாமில்டன் அவர் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தார், முந்த முடியவில்லை. 48-வது சுற்றில் மெர்சிடிஸ் ஹாமில்டனை இரண்டாவது முறையாக உள்ளே அழைத்தது. வெளியே வந்தபோது ஏறக்குறைய 20 விநாடி பின்னால். பாக்கி 22 சுற்று. அதாவது சுற்றுக்கு ஒரு விநாடி வீதம் எடுக்க வேண்டும். 67-வது சுற்றில் ஹாமில்டன் முந்தினார்.

ரெட் புல் ஏன் உடனே வெர்ஸ்டாப்பனையும் அழைக்கவில்லை என்று அன்று முதல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமற்றது என்பது என் கருத்து. ஹாமில்டன் அவ்வளவு நெருக்கத்தில் இருந்தார். அடுத்த சுற்றில் வெர்ஸ்டாப்பன் உள்ளே போயிருந்தால், புது டயரில் ஒரு சுற்று ஓடி முடித்த ஹாமில்டனுக்குப் பின்னால்தான் வெளியே வந்திருப்பார். முந்துவது கடினமான தடத்தில் முதலிடத்தைத் தானே விட்டுக்கொடுத்தது போலாகியிருக்கும். மறுபக்கம் பாருங்கள். மூன்றாவதாக வந்த செபாஸ்டியன் வெட்டல், பந்தயம் முடிந்தபோது ஹாமில்டனுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பின்னால் இருந்தார். ஹாமில்டன் 20 விநாடியை இழந்தாலும் இரண்டாம் இடம் போகாது. துணிந்து முயன்று பார்க்கலாம், தோற்றால் நட்டமில்லை. இதை ஃப்ரீ ஸ்டாப் என்பார்கள். முதலிடத்தில் இருப்பவருக்கு அது கிடைப்பது அரிது. பின்னால் வருபவருக்குத்தான் அடிக்கடி கிடைக்கும். ஆகவே ஒரு பிட் ஸ்டாப் முடிவை எடைபோடும்போது முதலிரண்டு பேரை மட்டும் பார்த்தால் போதாது. அவர்களுக்குப் பின்னால் இருக்கும் மூன்றாமவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதில்தான் பல நேரம் விடை இருக்கும்.

சரி, அப்படியானால் இரண்டு முறை நிற்பதுதான் எப்போதும் புத்திசாலித்தனமா? 2024-ல் மோன்ஸாவில் இதே நாடகம் நடந்தது, முடிவு மட்டும் நேர்மாறு. ஆஸ்கர் பியாஸ்ட்ரி 38-வது சுற்றில் இரண்டாவது முறை டயர் மாற்றினார். ஃபெராரியின் ஷார்ல் லெக்லெர் ஒரே பிட் ஸ்டாப்போடு கடைசிவரை தாக்குப்பிடிக்க முடிவு செய்தார். பந்தயம் 53 சுற்று, பியாஸ்ட்ரிக்கு பாக்கி 15. ஹங்கேரியில் ஹாமில்டனுக்கு 22 இருந்தது. லெக்லெரின் ஹார்ட் (கடின ரப்பர்) டயரும் எதிர்பார்த்த அளவுக்குத் தேய்ந்துபோகவில்லை. மூன்று விநாடிக்குள் இடைவெளி சுருங்கியும் லெக்லெர்தான் கொடியைத் தொட்டார், ஃபெராரியின் சொந்த மண்ணில்.

அண்டர்கட் என்பது மந்திரமல்ல

எதிரிக்கு முன்பே டயர் மாற்றி, புது டயரின் வேகத்தில் அவரைத் தாண்டுவது அண்டர்கட். வர்ணனையாளர்கள் அடிக்கடி சொல்லிச் சொல்லி, முதலில் நிற்பவருக்கே லாபம் என்ற எண்ணம் பரவிவிட்டது. புது டயர் உடனே சூடேறினால்தான் அது நடக்கும். 2021 மொனாக்கோவில் ஹாமில்டன் முதலில் உள்ளே போனார், பியேர் காஸ்லியைத் தாண்டலாம் என்று. தாண்ட முடியவில்லை. அதோடு, பழைய டயரிலேயே இன்னும் சில சுற்று வேகமாக ஓடிவிட்டு வந்த வெட்டலும் செர்கியோ பெரெஸும் அவருக்கு முன்னால் வெளியே வந்துவிட்டார்கள். இது ஓவர்கட். ஹாமில்டன் ஏழாவது இடத்தில் முடித்தார்.

யாரைப் பார்த்து நிற்பது என்பதிலும் அணிகள் தவறுகின்றன. இதில் 2010 அபுதாபியைவிடக் கசப்பான பாடம் எதுவும் எனக்குத் தெரியாது. கடைசிப் பந்தயம். ஃபெர்னாண்டோ அலோன்சோ 246 புள்ளி, மார்க் வெபர் 238, வெட்டல் 231. வெட்டல் ஜெயித்தாலும், நான்காவதாக வந்தாலே அலோன்சோ சாம்பியன். வெபர் சீக்கிரமே டயர் மாற்றினார், ஃபெராரி அவரைக் கட்டுப்படுத்த அலோன்சோவையும் 15-வது சுற்றில் அழைத்தது. வெபரை வெற்றிகரமாகத் தடுத்தார்கள். ஆனால் முதல் சுற்றில் சேஃப்டி கார் (ஆபத்து நேரத்தில் எல்லோரையும் மெதுவாக ஓடவைக்கும் கார்) வந்தபோதே டயர் மாற்றியிருந்த விட்டாலி பெட்ரோவுக்குப் பின்னால் அலோன்சோ மாட்டிக்கொண்டார், பந்தயம் முடியும்வரை தாண்ட முடியவில்லை. ஏழாவது இடம், 252 புள்ளி. முன்னால் தனியாக ஓடிய வெட்டல் 256 புள்ளியோடு பட்டத்தை எடுத்துக்கொண்டார். வெளியே வரும்போது எந்தக் காருக்குப் பின்னால் விழுவோம் என்ற கேள்வி அன்று போதிய அளவு கேட்கப்படவில்லை.

சேஃப்டி கார் வந்தால் அதிர்ஷ்டமா?

சேஃப்டி கார் வந்ததும் எல்லோரும் மெதுவாகிவிடுவதால் அந்த 20 விநாடி இழப்பு வெகுவாகக் குறைகிறது. அப்போது டயர் மாற்றுவது மலிவு. இதை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். கதவு எல்லோருக்கும் திறக்கிறது, யார் நுழைகிறார்கள் என்பது முடிவு.

2025 கத்தார் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். 57 சுற்று. ஒரு செட் டயரில் 25 சுற்றுக்கு மேல் ஓடக் கூடாது என்று அந்த வார இறுதிக்கு வரம்பு இருந்தது, ஆகவே எல்லோரும் குறைந்தது இரண்டு முறை நிற்க வேண்டும். ஏழாவது சுற்றில் ஒரு மோதலால் சேஃப்டி கார் வந்தது. 57-ல் ஏழு போனால் 50. சரியாக இரண்டு 25. கட்டாயமான இரண்டு பிட் ஸ்டாப்பில் ஒன்றை மலிவாக முடித்துவிடலாம், விதியும் இடிக்காது. வெர்ஸ்டாப்பன் உட்பட ஏறக்குறைய எல்லோரும் உள்ளே போனார்கள். முதலிடத்தில் இருந்த பியாஸ்ட்ரியையும் நோரிஸையும் மெக்லாரன் வெளியிலேயே வைத்திருந்தது. அந்த வார இறுதியில் வேகமான கார் அவர்களுடையது. இருந்தும் முழு விலை கொடுத்து இரண்டு முறை நிற்க வேண்டியதாயிற்று. வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார், பியாஸ்ட்ரி சுமார் எட்டு விநாடி பின்னால் இரண்டாவது, நோரிஸ் நான்காவது. தவறான முடிவு என்று அணியே பிறகு ஒப்புக்கொண்டது. இதை மட்டும் முடிவு தெரிந்தபின் சொல்லும் புத்திசாலித்தனம் என்று தள்ள முடியாது. கையில் இருந்த எண்களே அன்று விடையைச் சொல்லிக்கொண்டிருந்தன.

கொடி விழுந்ததும் முடிவு வந்துவிடாது

கோட்டை முதலில் தாண்டியவரே வென்றவர் என்று உடனே எழுதிவிடுவதும் தவிர்க்க வேண்டியது. 2019 கனடாவில் முதலில் தாண்டியவர் வெட்டல். ஐந்து விநாடி தண்டனை இருந்ததால் வெற்றி ஹாமில்டனுக்கு. 2023 ஆஸ்திரியாவில் தட எல்லையைத் தாண்டியதற்கான தண்டனைகள் பந்தயம் முடிந்து சில மணி நேரம் கழித்து வந்தன, பட்டியலே மாறியது.

2024 பெல்ஜியத்தில் பிட் ஸ்டாப் திட்டமும் முடிவும் விசித்திரமாகப் பின்னிக்கொண்டன. முன்னணியில் ஓடிய மற்றவர்கள் இரண்டு முறை நிற்க, ஜார்ஜ் ரஸ்ஸல் ஒரே முறை நின்று, தேய்ந்த டயரில் ஹாமில்டனைத் தடுத்து முதலில் வந்தார். அபாரமான ஓட்டம். பிறகு எடை போட்டால், எரிபொருளை வடித்தபின் 796.5 கிலோ. அந்த ஆண்டு விதிப்படி குறைந்தபட்சம் 798 இருக்க வேண்டும். தகுதிநீக்கம் செய்யப்பட்டார், வெற்றி ஹாமில்டனுக்குப் போனது. அவ்வளவு தூரம் ஓடிய டயரில் ரப்பர் தேய்ந்து போனதும் எடை குறைந்ததற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை யோசிக்கும்போது, ஒரு பிட் ஸ்டாப்பைத் தவிர்ப்பதற்கு இப்படியும் ஒரு விலை உண்டு என்று புரிகிறது.

நீண்டதூரப் பந்தயங்களில் இன்னொன்றைப் பார்க்க வேண்டும்: இடம் எந்தப் பட்டியலில்? 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி மூன்றாவதாக வந்தது அதன் வகுப்பில். ஒரே தடத்தில் பல வகுப்புக் கார்கள் சேர்ந்து ஓடுவதால் மொத்தப் பட்டியல் வேறு, வகுப்புப் பட்டியல் வேறு. 24 மணி நேரம் காரைச் சிதையாமல் கொண்டுவந்து சேர்த்த அந்த உழைப்பை, மொத்தத்தில் மூன்றாவது என்று தவறாக எழுதிப் பெரிதாக்க வேண்டிய அவசியமே இல்லை.

கோயம்புத்தூர்க்காரரான நாராயண் கார்த்திகேயனின் ஒரே ஃபார்முலா ஒன் புள்ளிகளும் தவறாகப் படிக்கப்படுபவைதான். 2005 அமெரிக்கப் பந்தயம், இண்டியானாபோலிஸ். நான்காம் இடம், ஐந்து புள்ளி. அன்று ஓடியவை ஆறே கார்கள் என்பதைச் சொல்லி அதைக் கேலி செய்பவர்களும், அதைச் சொல்லாமலே கொண்டாடுபவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆண்டு விதிப்படி தகுதிச்சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர்தான், நடுவில் மாற்ற முடியாது. மிஷலின் டயர்கள் அந்தத் தடத்தின் சாய்வான கடைசி வளைவைத் தாங்கும் என்று அந்த நிறுவனத்தாலேயே உறுதி சொல்ல முடியவில்லை. அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் 14 கார்கள் பிட் லேனுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஃபெராரி, ஜோர்டன், மினார்டி மட்டும் மிச்சம். இரண்டு ஃபெராரிகளை, கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்டன் வேகத்தில் நெருங்கவே முடியாது. ஆகவே அந்தக் காரில் எட்டக்கூடிய உச்சம் மூன்றாம் இடம், அது அணித் தோழர் தியாகோ மொன்டெய்ரோவுக்குப் போனது. கார்த்திகேயன் அவருக்கு அடுத்து, இரண்டு மினார்டிகளுக்கும் முன்னால் வந்தார்.