பழைய ஜீப்புக்கு ஹைட்ராலிக் கிளட்ச்: ஹோஸ் வாங்கும் முன் படியுங்கள்

எங்கள் வீட்டு ஜீப்பில் இரும்புக் கம்பியால் இயங்கும் ராடு லிங்கேஜ் கிளட்ச்சைக் கழற்றிவிட்டு, திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் போட்டு ஒரு வருடம் ஆகிறது. பெடலை மிதித்தால் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை எங்கே உட்கார வைப்பது, அந்த அழுத்தத்தில் கிளட்ச்சை நகர்த்தும் ஸ்லேவ் சிலிண்டருக்கு பிராக்கெட் எப்படி அடிப்பது என்பதெல்லாம் உங்கள் மெக்கானிக்கே பார்த்துக்கொள்வார். நான் எழுதப்போவது ஹோஸைப் பற்றி மட்டும். என் வண்டியைத் திருமயம் ரோட்டில் நிறுத்தியது அரை அடி ரப்பர் ஹோஸ்தான்.

நடந்தது இதுதான். பிரேக்கில் விடும் அதே திரவத்தை நிரப்பும் ரிசர்வாயர் டப்பாவிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்கு இறங்கும் ஹோஸ் வேண்டும் என்று காரைக்குடியில் ஒரு கடையில் கேட்டேன். "பிரேக் ஆயில் போகணும்ணே" என்றேன். "ஆயில் தாங்குற ஹோஸ் இருக்கு தம்பி, பெட்ரோல், டீசல் எது விட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்று ஒரு மீட்டர் வெட்டிக் கொடுத்தார். அவர் சொன்னது பொய்யில்லை. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் அது நல்ல ஹோஸ்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் பெடல் தரையோடு போய்விட்டது, கியர் விழவில்லை. ரிசர்வாயர் மூடியைத் திறந்தால் உள்ளே டிகாஷன் நிறத்தில் திரவம். ஹோஸைப் பிடுங்கிப் பார்த்தேன். மாஸ்டர் சிலிண்டரின் மூக்கில், அதாவது ஹோஸ் ஏறும் குழல் முனையில், மாட்டியிருந்த பக்கம் உப்பி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. உள்பக்கம் நகத்தால் சுரண்டியபோது மை மாதிரி நகத்தில் ஒட்டியது. அப்படிக் கரைந்த ரப்பர்தான் மாஸ்டர் சிலிண்டருக்குள் இறங்கி, ரிசர்வாயரிலிருந்து திரவம் வரும் குண்டூசித் துளையை அடைத்திருந்தது.

தப்பு நான் சொன்ன வார்த்தையில் இருந்தது. நாம் எல்லோரும் "பிரேக் ஆயில்" என்கிறோம், ஆனால் அது ஆயிலே இல்லை. டப்பாவில் டாட் (DOT) என்று போட்டிருப்பது பிரேக் திரவத்தின் தர வகை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகைத் திரவங்கள். பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய்க்கும் இவற்றுக்கும் குணமே வேறு. எண்ணெயைத் தாங்குவது நைட்ரைல் ரப்பர். அது கிளைக்காலில் ஊறி மெதுவாகக் கெட்டுப்போகும். கிளைக்காலைத் தாங்குவது இ.பி.டி.எம். என்கிற ரப்பர். அதன் மேல் இன்ஜின் ஆயில் பட்டால் அது உப்பும். ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு ஆகாது. இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி வேலை முடிந்தது.

முதலில், என்ன திரவம் என்று முடிவு செய்யுங்கள்

மாஸ்டர் சிலிண்டர் மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். டாட் 3 அல்லது டாட் 4 என்றிருந்தால் கவலை இல்லை. நான் டாட் 4 விடுகிறேன். புதுத் திரவத்துக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை டாட் 3-க்கு 205 டிகிரி, டாட் 4-க்கு 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு இவை 140, 155 என்று இறங்கிவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில், சைலன்சர் பைப் பக்கத்தில் ஸ்லேவ் சிலிண்டர் இருக்கும் வண்டிக்கு அந்த 15 டிகிரி முக்கியம்.

டாட் 5 மட்டும் வேறு ஜாதி, அது சிலிக்கான். 5.1 என்று நினைத்து 5 வாங்கிவிடாதீர்கள். இரண்டையும் கலக்கவும் கூடாது.

ஹோஸ் இரண்டு, வேலையும் இரண்டு

ரிசர்வாயரிலிருந்து மாஸ்டருக்கு வருவதில் அழுத்தம் கிடையாது, திரவம் தானாக இறங்குகிறது. மாஸ்டரிலிருந்து ஸ்லேவுக்குப் போவதில் பெடலை மிதிக்கும் அழுத்தம் முழுவதும் இருக்கும். அழுத்தம் இல்லைதானே என்று முதல் ஹோஸை அலட்சியமாக விடுகிறோம். திரவம் இரவு பகலாக நிற்பது அதற்குள்ளும்தான்.

ரிசர்வாயர் ஹோஸுக்கு என் யோசனை: வெட்டி விற்கும் ஹோஸே வேண்டாம். ஹைட்ராலிக் கிளட்ச்சோடு வரும் ஏதாவது ஒரு காரின் பெயரைச் சொல்லி, அதன் "கிளட்ச் ரிசர்வாயர் ஹோஸ்" என்று கேட்டு வாங்குங்கள். மூக்கின் அளவை வெர்னியரில் எடுத்துக்கொண்டு போங்கள். என் மாஸ்டரின் மூக்கு 8 மி.மீ., ஹோஸின் உள்ளளவு 7 மி.மீ. அப்படிக் கொஞ்சம் இறுக்கமாக ஏற வேண்டும்.

கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டியூப் போடலாம், திரவத்தின் அளவு வெளியே தெரியும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். பி.வி.சி. டியூபை மென்மையாக வைத்திருக்கும் பொருளைத் திரவம் இழுத்துவிடும். கொஞ்ச நாளில் டியூப் விறைத்துச் சுருங்கி, மூக்கில் கசியும்.

கிளிப் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஸ்குரூ வைத்து இறுக்கும் பட்டைக் கிளிப் இவ்வளவு சின்ன ஹோஸை வெட்டும். ஸ்பிரிங் கிளிப் போதும்.

வீட்டுச் சோதனை

கையில் உள்ள ஹோஸ் எந்த ரப்பர் என்று தெரியவில்லையா? இரண்டு அங்குலத் துண்டு இரண்டு வெட்டுங்கள். மூடியுள்ள இரண்டு கண்ணாடி பாட்டிலில் ஒன்றில் பிரேக் திரவம், ஒன்றில் இன்ஜின் ஆயில் ஊற்றி, துண்டுகளை அளந்து போட்டு, பத்து நாள் வெயில் படும் இடத்தில் வையுங்கள். பிரேக் திரவத்தில் அப்படியே இருந்து ஆயிலில் உப்பினால் இ.பி.டி.எம். குடும்பம். ஆயிலில் அப்படியே இருந்து பிரேக் திரவத்தில் இளகினாலோ நிறம் விட்டாலோ அந்த ஹோஸை டீசல் லைனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனை வேண்டாததைக் கழிக்கத்தான். தேறியது என்பதற்காக அதை அழுத்த லைனில் போடக் கூடாது.

அழுத்த லைன்

மாஸ்டரிலிருந்து சேஸிஸ் வரை இரும்பு பிரேக் பைப், கடைசியில் இன்ஜின் அசைவதற்காக ஒரு அடி வளையும் ஹோஸ். இந்த அமைப்புதான் எனக்குப் பிடித்தது. வளையும் ஹோஸ் இரண்டு முனையிலும் கம்பெனியில் பிரெஸ் செய்த பிரேக் ஹோஸாகவே இருக்க வேண்டும். ஹோஸின் மேல் எஸ்.ஏ.இ. ஜே1401 என்று அச்சிட்டிருந்தால் அது பிரேக் திரவத்துக்காகச் செய்தது. கூடவே எச்.ஆர். அல்லது எச்.எல். என்று இருக்கலாம். எச்.எல். என்றால் அழுத்தத்தில் குறைவாக விரிவது. கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ஸ்லேவ் சிலிண்டர் முக்கால் அங்குலம். மிதிக்கும்போது ஹோஸ் விரிந்து 1 மில்லி திரவத்தை விழுங்கினால், ஸ்லேவில் மூன்றரை மில்லிமீட்டர் நகர்வு போய்விடும். ஸ்லேவ் நகர்வதே மொத்தம் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர்தான். ஏர் இருக்கிறது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப பிளீட் செய்து காற்றை வெளியேற்றிக்கொண்டிருப்போம், குற்றம் ஹோஸில் இருக்கும்.

ஸ்டீல் வலை போட்ட டெஃப்லான் ஹோஸ் எந்தத் திரவத்தையும் தாங்கும், விரிவதும் குறைவு. ஆனால் சட்டென்று மடித்தால் உள்குழாய் நசுங்கும், உரசும் இடத்தையெல்லாம் அந்த வலை அரம் போல ராவிவிடும். மேலே ரப்பர் உறை போட்டுக் கட்டுங்கள்.

மரையைக் கவனியுங்கள். பழைய ஜீப்புகளில் அங்குல மரை, புது மாஸ்டர்களில் பெரும்பாலும் எம்10, அதாவது 10 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி (பிட்ச்). 3/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை உள்ள நட் எம்10 துளைக்குள் லூசாக ஏறிவிடும், பிடித்தது போலவும் தெரியும். மிதித்தால் பிடுங்கிக்கொண்டு வரும். நட் கையால் ஆடினால் இறுக்காமல் கழற்றிவிடுங்கள்.

மாட்டும்போது

மெக்கானிக் அண்ணன் பழைய பழக்கத்தில் மண்ணெண்ணெயில் பார்ட்ஸைக் கழுவப் போனார், நான் தடுத்துவிட்டேன். துளி மண்ணெண்ணெய் நின்றாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் உப்பும். கழுவுவதும் பிரேக் திரவத்தாலேயே செய்யுங்கள். ஏற்கெனவே தப்பான ஆயில் விட்டிருந்தால் ரப்பர் பாகம் ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டும், கழுவினால் மட்டும் சரியாகாது.

கையைத் துணியில் துடைக்காமல் எதையும் தொடாதீர்கள். எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கதவில் நான் கை வைத்துத் தள்ளிய இடத்தில் நான்கு விரல் அளவுக்குப் பெயின்ட் உரிந்து பர்மா தேக்கு தெரிகிறது. அந்தக் கதவுக்கு ஐயா காலத்தில் அடித்த பெயின்ட் அது.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர் கேட்டார்: ஹீட்டர் ஹோஸும் இ.பி.டி.எம். தானே, அதை ரிசர்வாயருக்குப் போடலாமா? ரப்பரின் பெயர் ஒன்றுதான், ஆனால் அது கூலன்ட்டுக்காகச் செய்த கலவை. பிரேக் திரவத்துக்கு என்று விற்கும் ஹோஸ் கிடைக்கும்போது நான் அதைப் போட மாட்டேன்.

இன்னொருவர் வெளிநாட்டு பைக்கின் கிளட்ச் ஸ்லேவைப் பொருத்தியிருக்கிறார், அதில் மினரல் ஆயில். அப்படிப்பட்ட செட்டுக்கு மேலே சொன்னதெல்லாம் தலைகீழ்: அங்கே நைட்ரைல்தான் சரி, பிரேக் திரவத்தை அதில் ஒரு சொட்டுகூட விடக் கூடாது. மாஸ்டரும் ஸ்லேவும் ஒரே திரவத்துக்கானவையா என்று பார்த்துவிட்டு ஹோஸ் வாங்குங்கள்.

புது ஹோஸ் போட்டு ஒரு வாரம் கழித்து ரிசர்வாயருக்குள் வெள்ளைத் துணி நுனியை நனைத்துப் பாருங்கள். துணியில் கருப்பு வந்தால் அன்றைக்கே ஹோஸை மாற்றுங்கள்.