புதிய டிரையர் வந்த பின் தேயிலைத் தொழிற்சாலையின் உற்பத்தித்திறனை அளப்பது எப்படி?

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வட்டாரங்களில் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று இலையை உலர்த்தும் பழைய டிரையரை எடுத்துவிட்டு, சூடான காற்றில் இலையை மிதக்கவிட்டு உலர்த்தும் ஃப்ளூயிட் பெட் டிரையரைப் பொருத்தினால், போட்ட பணத்துக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி வங்கியிலும் பங்குதாரர்களிடமும் எழுவது இயல்பு. சென்ற மாதத் தூளையும் இந்த மாதத் தூளையும் ஒப்பிட்டு விடை சொல்வது வழக்கம் என்றாலும், அப்படிச் சொல்லும் விடையில் இயந்திரத்தின் பங்கைவிட மழையின் பங்கே பெரிதாக இருக்கக்கூடும்.

காரணம் இலையில் உள்ள நீர். ஈரப்பதம் 76 சதவீதம் உள்ள 100 கிலோ இலையில் திடப்பொருள் 24 கிலோ. அதை 3 சதவீத ஈரத்துடன் தூளாக்கினால், இழப்பே இல்லாவிட்டால், 24.7 கிலோ கிடைக்கும். மழையில் நனைந்து 80 சதவீத ஈரத்துடன் வரும் இலையில் அதே கணக்கு 20.6 கிலோவில் நின்றுவிடும். எந்த இயந்திரத்தையும் தொடாமலேயே அவுட்டர்னில், அதாவது 100 கிலோ இலைக்குக் கிடைக்கும் தூளின் அளவில், 4 கிலோ வேறுபடுகிறது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பழைய டிரையரை அளந்துவிட்டுப் புதியதை வெயில் மாதத்தில் அளந்தால், எந்த டிரையரும் அற்புதமாகத்தான் தெரியும்.

ஆகவே இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்த நாளிலிருந்தே பழைய நிலையின் அளவுகளைப் பதிவு செய்யத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு லோடிலும் பல மூட்டைகளிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக இலை எடுத்துக் கலந்து, அதில் ஒரு பகுதியை 103 டிகிரி செல்சியஸில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி ஈரத்தைக் கணக்கிட வேண்டும். மேல்மூட்டையிலிருந்து மட்டும் எடுப்பது பயனற்றது. அடிமூட்டையில்தான் தண்ணீர் இறங்கி நிற்கும். ஏற்கெனவே இயந்திரம் மாறிவிட்டதென்றால், சென்ற ஆண்டின் அதே மாதங்களின் பதிவேட்டை எடுத்து ஒப்பிடலாம். அதில் ஈரக்கணக்கு இருக்காது என்பதால் அந்த ஒப்பீட்டைத் தோராயமாக மட்டுமே கொள்ள வேண்டும்.

இனி ஒப்பிட வேண்டியது திடப்பொருளை. ஒரு நாள் 78 சதவீத ஈரமுள்ள 10,000 கிலோ இலை வந்ததாக வைத்துக்கொள்வோம். அதில் திடப்பொருள் 2,200 கிலோ. தூள் 3 சதவீத ஈரத்துடன் 2,220 கிலோ வந்தால் அதில் உள்ள திடப்பொருள் 2,153 கிலோ, அதாவது மீட்பு 98 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இதே தூள் 4.5 சதவீத ஈரத்துடன் டிரையரை விட்டு வெளியேறினால் தராசில் ஏறக்குறைய 35 கிலோ கூடுதலாகக் காட்டும். அந்தக் கூடுதல் வெறும் தண்ணீர். கெட்டியாகக் கட்டிய மூட்டையிலும் அது தூளின் ஆயுளைக் குறைத்துவிடும். காற்றின் வேகம் கூடினால் நுண்தூள் பறந்து, காற்றிலிருந்து தூளைப் பிரிக்கும் சைக்ளோனில் சேரும் என்பதால், அதையும் தனியே எடை போட்டு எழுத வேண்டும்.

மணிக்கு எத்தனை கிலோ என்பதைத் தகட்டில் பொறித்த திறனிலிருந்து எடுக்கக் கூடாது. டிரையர் ஓடிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் காரணத்தோடு ஷிஃப்ட் பதிவேட்டில் எழுத வேண்டும்: மின்தடை, இலையை நசுக்கிக் கிழிக்கும் சிடிசி உருளை மாற்றம், சுத்தம் செய்தல், இலை வரவில்லை. மாலையில்தான் லாரிகள் வந்து சேர்கின்றன என்றாலோ, வாட்டும் தொட்டிகள் போதவில்லை என்றாலோ, இரு மடங்கு திறனுள்ள டிரையரும் காத்துக்கொண்டுதான் நிற்கும். அதை டிரையரின் குறையாக எழுதுவது நியாயமல்ல. அடுத்த முதலீடு எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பதைக் காட்டுவதே இந்தப் பதிவின் பெரிய பயன் என்பது என் கருத்து.

டிரையரைச் சூடாக்கும் விறகை டன் கணக்கில் எடை போடும்போது, பச்சை மரமா காய்ந்த மரமா என்பதையும் குறிப்பது அவசியம். மின்சாரத்துக்கு டிரையருக்கென்று தனி மீட்டர் இல்லாவிட்டால் மாதாந்திர பில்லால் எதுவும் விளங்காது. ஆள் கணக்கில், டிரையரிலிருந்து விடுபட்டுச் தூளைச் சலிக்கும் பகுதிக்குப் போனவரை மிச்சமாகக் காட்டக் கூடாது. தொழிற்சாலை முழுவதற்குமான மனித மணிநேரத்தை 1,000 கிலோ தூளுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே முறை.

தரத்துக்கான அளவுகோல் குன்னூர் ஏலம். உங்கள் தூளின் விலை ஏறியதா என்பதைவிட, அந்த வார ஏலச் சராசரிக்கும் உங்கள் விலைக்கும் உள்ள இடைவெளி, அதே கிரேடில் (தூளின் தர வகையில்), மாறியதா என்று பாருங்கள். பிஓபிஎஃப் என்ற சற்றுப் பெரிய துகள் கிரேடு குறைந்து, டஸ்ட் என்ற நுண்தூள் கிரேடு கூடியிருந்தால் மொத்தச் சராசரி ஏமாற்றும்.

புதிய இயந்திரத்தின் முதல் சில வாரங்களில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் வெப்பத்தையும் காற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாட்களைத் தனியாக எழுதிவைத்து, ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும். அதன்பின் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான அதிக இலைக் காலத்தையும், உறைபனி விழும் ஜனவரியையும் சேர்த்து ஓர் ஆண்டு முடியும்வரை, முதலீடு எத்தனை ஆண்டில் திரும்பும் என்ற கணக்கை வங்கிக்கு எழுதிக் கொடுக்காமல் இருப்பது நல்லது.