மஞ்சளாய்ப் பூத்ததெல்லாம் கொன்றை இல்லை

சித்திரை வருசப் பிறப்புக்கு, மூலிகை அவித்த மருத்துநீரைத் தலையில் வைக்கும்போது தலையில் ஓர் இலை, காலடியில் ஓர் இலை. எது என்பதைப் பஞ்சாங்கம் வருடத்துக்கு வருடம் மாற்றிச் சொல்லும். ஒருமுறை தலைக்குக் கொன்றை வந்தது. அம்மம்மா என்னை அனுப்பினார். தெருமுனையில் மஞ்சளாய்ப் பூத்து நின்ற மரத்தில் ஒரு கொப்பை முறித்துக்கொண்டு வந்து நீட்டினேன். "இந்தப் பொடியிலைய எப்பிடி மனே தலையில வெக்கிற?" என்றார்.

அம்மம்மா கேட்டது சரக்கொன்றை, நான் முறித்தது இயல்வாகை. இதைப் பெருங்கொன்றை என்றும் சொல்வதால் குழப்பம் இரட்டிப்பு. சரக்கொன்றையின் பூங்கொத்து கீழே தொங்கும், இயல்வாகையின் கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும், மொட்டு துருப்பிடித்த நிறம். கொன்றையின் சிற்றிலை ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். மற்றதன் இலை புளியிலை மாதிரிப் பொடிப்பொடியாக இருக்கும். காயைப் பார்த்தால் சந்தேகமே வராது: கொன்றைக்கு ஓர் அடி, இரண்டு அடி நீளக் கறுப்புக் குழல், இயல்வாகைக்குச் செம்பு நிறத்தில் தட்டைக் காய். பூவின் நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பதுதான் மரம் பார்க்கப் போகிறவர்களின் முதல் தவறு. நானும் அதைத்தான் செய்தேன்.

அடுத்தது காலக்கணக்கு. படங்களில் வரும் வசந்தம் பனி உருகும் காலம். மட்டக்களப்பில் மாரி மழை ஓய்ந்து வெயில் ஏறும் பங்குனியும் சித்திரையும்தான் நமக்கு அது. அப்போது சில மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு வெறுங்கொப்போடு நிற்கும். பட்டுப்போன மரம் என்று கடந்து போய்விடாதீர்கள். சரக்கொன்றை அப்படி நின்றுதான் பூக்கும். புங்கு பழைய இலையை உதிர்த்து, பளபளவென்று இளம்பச்சைத் தளிர் விடும், வேறு மரம் போலவே தெரியும். ஒரே தெருவில் இரண்டு வாரம் விட்டு மறுபடி நடந்தால் இதெல்லாம் புரியும்.

வாவிக்கரைப் பக்கம் போனால் பூவரசு. இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். காலையில் மஞ்சளாக விரியும் பூ, பொழுது சாயச் சாயச் சிவந்து, வாடிய பிறகும் சில நேரம் கொப்பிலேயே கிடக்கும். ஒரே மரத்தில் இரண்டு நிறம் கண்டு இரண்டு சாதி என்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் நீர்ப்பருத்தி. அதற்கும் மஞ்சள் பூ, அதற்கும் நடுவில் கருஞ்சிவப்பு, அதுவும் நிறம் மாறும், அதன் இலையும் இதய வடிவந்தான். பூவை எவ்வளவு உற்றுப் பார்த்தும் பயனில்லை. இலையைத் திருப்பித் தடவுங்கள். பூவரசம் இலை இரண்டு பக்கமும் வழுவழுப்பு, நீர்ப்பருத்தியின் அடிப்பக்கம் வெளிறி, வெல்வெட் துணி போலிருக்கும். பிறகு பூவின் அடிக்கிண்ணம்: பூவரசில் பல்லில்லாத தட்டைக் கிண்ணம், மற்றதில் ஐந்து பல். பூவரசங்காய் பம்பரம் போல உருண்டை, பிஞ்சை நகத்தால் கீறினால் மஞ்சள் பால் கசியும். நீர்ப்பருத்திக் காய் காய்ந்ததும் ஐந்தாக வெடிக்கும். சின்ன வயதில் பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியவர்களுக்கு இந்தப் பாடம் தேவைப்படாது.

போனில் படம் எடுத்துச் செயலியிடம் கேட்பது தப்பில்லை. ஒற்றைப் பூவைக் கிட்டத்தில் எடுத்து அனுப்புவதுதான் தப்பு. இலையின் முன்பக்கம், பின்பக்கம், காய், பட்டை, தூரத்தில் நின்று முழு மரம் என்று நாலைந்து படம் எடுங்கள். அப்புறமும் அது சொல்லும் பெயரை அப்படியே நம்ப வேண்டாம், பக்கத்து வளவு மாமியிடம் ஒருதரம் கேளுங்கள். பெயரைக் கேட்பதைவிடக் காய் எப்படியிருக்கும், எப்போது பழுக்கும் என்று கேட்பது நல்லது. கொன்றை என்ற பெயரில் எத்தனை மரம் இருக்கிறது என்று மேலே பார்த்தோமே. புளியந்தீவு, நாவற்குடா, தாழங்குடா, புன்னைக்குடா என்று ஊர்ப்பெயரிலேயே மரத்தை வைத்திருக்கும் ஆட்கள் நாம், கேட்டால் சொல்லாமலா போவார்கள்!

மாலையில் இலை மடித்துத் தூங்குவதை வைத்து வாகை என்று முடிவுகட்டுவதும் சரியில்லை. மழைமரமும் தூங்கும். வாகைப் பூ வெளிர்பச்சை கலந்த வெள்ளை, மழைமரத்தின் பூ இளஞ்சிவப்பு. வாகையின் காய்ந்த நெற்று வைக்கோல் நிறத்தில் காற்றுக்குச் சலசலக்கும், மற்றது கறுத்துத் தடித்திருக்கும்.

கடதாசிப்பூவில் நிறமாய்த் தெரிவது இதழே அல்ல, இலை. பூ நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழாய்.

கடைசியாக, கண்டல் கரையில் கண்ட இலையையெல்லாம் கிள்ளிப் பார்க்காதீர்கள். தில்லை மரத்தின் வெள்ளைப் பால் தோலைக் கொப்பளிக்க வைக்கும், கண்ணில் பட்டால் பார்வையே கொஞ்ச நாளைக்குப் போகலாம். வேலியோரத்து மஞ்சள் அலரிக்கும் பால் உண்டு, அதன் விதை உயிரை எடுக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. பால் கையில் பட்டால், சவர்க்காரம் போட்டுக் கழுவும்வரை கண்ணைக் கசக்க வேண்டாம்.