சொந்த லேப்டாப்பே உங்களை உள்ளே விடாமல் போகலாம்

கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்று பேச்சு எடுத்தாலே திருடன், ஹேக்கர் என்றுதான் போகிறது. வீட்டு லேப்டாப்பைப் பொறுத்தவரை, ஹேக்கரிடம் பறிகொடுத்தவர்களைவிட, தன் கணக்குக்குள் தானே நுழைய முடியாமல் ஃபைல்களை இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இந்தத் தவறு பெரும்பாலும் லேப்டாப் வாங்கிய அன்றைக்கே, கடையிலேயே நடந்துவிடுகிறது. "செட்டப் பண்ணிக் குடுத்துடறேன் சார்" என்று கடைக்காரர் உட்காருவார். விண்டோஸ் 11 முதன்முறை ஓடும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். அவர் ஏதோ ஒரு இமெயிலைப் புதிதாக உருவாக்கி, கைக்கு வந்த பாஸ்வேர்டைப் போட்டு, நாலு இலக்கப் பின் எண்ணை மட்டும் உங்களிடம் சொல்லி அனுப்பிவிடுவார். தினமும் பின் போட்டாலே திறந்துகொள்வதால், அந்த இமெயில் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

வினை அப்புறம்தான். புது லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே டிஸ்க் தானாக என்கிரிப்ட் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுவிடும். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்குப் பிறகு இது இன்னும் பரவலாகிவிட்டது. நல்ல வசதிதான், லேப்டாப் தொலைந்தாலும் டிஸ்க்கைக் கழற்றி யாரும் படிக்க முடியாது. ஆனால் பயாஸ் (லேப்டாப்பை முதலில் இயக்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகோ, மதர்போர்டு மாற்றிய பிறகோ ஒருநாள் நீலத்திரை வந்து பிட்லாக்கர் ரெக்கவரி கீ, அதாவது அந்தப் பூட்டைத் திறக்கும் மாற்றுச் சாவி எண் கேட்கலாம். மொத்தம் 48 இலக்கம். அது இருப்பது கடைக்காரர் உருவாக்கிய அந்த இமெயில் கணக்கில்! கீ இல்லையென்றால் மைக்ரோசாஃப்டும் கைவிரித்துவிடும். டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டியதுதான். கல்யாண போட்டோவும் கடை கணக்கும் அதோடு போச்சு.

செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய், அங்கே காட்டும் இமெயில் உங்களுடையதா என்று பாருங்கள். இல்லையென்றால், பின் எண் வேலை செய்யும்போதே லோக்கல் கணக்குக்கு (இமெயில் இல்லாமல் அந்த லேப்டாப்பில் மட்டும் இருக்கும் கணக்கு) மாறி, பிறகு உங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையுங்கள். அதே கணக்கை மொபைலில் திறந்து, டிவைசஸ் பக்கத்தில் ரெக்கவரி கீ தெரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தெரிந்தால் ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் ஃபைலில் போட்டு வைக்கலாம். அதைப் போட்டோ எடுத்து அந்த லேப்டாப்பிலேயே சேமிப்பவர்களும் உண்டு. என்ன சொல்ல!

பின் எண் சின்னதாக இருக்கிறதே என்று பயந்து, அதை நீக்கிவிட்டுப் பாஸ்வேர்டுக்கு மாறுவது இன்னொரு தவறு. பின் எண் அந்த ஒரு லேப்டாப்பில் மட்டும்தான் செல்லும். இணையம் வழியே எங்கும் போகாது. தப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப் தடுத்துவிடும். பாஸ்வேர்டு வெளியே போனால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் முயலலாம். பிறந்த வருடத்தையே பின்னாக வைக்காதீர்கள், அவ்வளவுதான். மாதாமாதம் பாஸ்வேர்டு மாற்றும் பழக்கமும் வேண்டாம். அந்தக் கட்டாயத்தை மைக்ரோசாஃப்டே 2019இல் தன் விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து எடுத்துவிட்டது.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணக்கு, அதுவும் எதையும் மாற்ற அனுமதி உள்ள அட்மின் கணக்கு என்றால், பையன் கேம் இறக்கும்போது வரும் கேள்விக்கு யோசிக்காமல் 'யெஸ்' அழுத்திவிடுவான். அவனுக்குத் தனியாக, அந்த அனுமதி இல்லாத ஒரு ஸ்டாண்டர்டு கணக்கு போதும். அப்போது 'யெஸ்' மட்டும் பலிக்காது, உங்கள் பின்னோ பாஸ்வேர்டோ கேட்கும்.

"ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று எழுதியிருக்கும் கிராக் (காசு கொடுக்காமல் ஓட்ட உடைத்த) மென்பொருளைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே போட்டிருந்தால், விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் (வைரஸ் சோதனையிலிருந்து விலக்கு பெற்றவை) பட்டியலைப் பாருங்கள். விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபென்டரைத் திரும்ப ஆன் செய்துவிட்டோம் என்று நினைத்திருப்பீர்கள்; ஆனால் அன்றைக்கு விலக்கு கொடுத்த ஃபோல்டர் இன்னும் அங்கேயே இருக்கும். சில சமயம் சி டிரைவ் முழுவதுமே இருக்கும்.

கடைசியாக, தமிழ் கீபோர்டு சேர்த்திருப்பவர்களுக்கு. சரியான பாஸ்வேர்டைப் போட்டும் தப்பு என்று வந்தால், உடனே ரீசெட் செய்யப் போகாதீர்கள். லாகின் திரையின் கீழே வலது மூலையில் எந்த மொழி இருக்கிறது என்று பாருங்கள். பின் எண் என்றால், கீபோர்டின் எண் பகுதியை இயக்கும் 'Num Lock' ஆன் ஆகியிருக்கிறதா என்பதையும்.