முன்னாள் மாணவர் சந்திப்பு நடத்தப் போகிறீர்களா? சின்னப் பல்கலைக்கழகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பேட்ச் சந்திப்புக்காக என்னிடம் நாற்பது தொலைபேசி எண்களைக் கொடுத்து, எல்லோரையும் கூப்பிடச் சொன்னார்கள். பதினோராவது எண்ணில் ஒரு அம்மா எடுத்தார். நண்பனின் பெயரைச் சொல்லி, "இருக்கானாம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அவன் போய் மூணு வருஷம் ஆச்சுப்பா. உங்க அழைப்பிதழ் போன வாரமே தபால்ல வந்துச்சு. அவன் பேர் போட்டிருந்துச்சு, பிரிக்காம வச்சிருக்கேன்" என்றார். நான் தடுமாறி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லப்பா. அன்னைக்கு அவனையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பழைய பட்டியலை எடுத்து, முகவரிச் சீட்டு அச்சிட்டு, ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எங்கள் பேட்சில் மொத்தமே அறுபது பேர்தான். ஒவ்வொருவரைப் பற்றியும் தெரிந்த யாரோ ஒருவர் கட்டாயம் இருந்தார். ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் போதும். சின்னப் பல்கலைக்கழகத்துக்கு இருக்கிற பெரிய பலமே இப்படி ஆள் தெரிந்து கூப்பிட முடிவதுதான். பெரிய இடங்கள் செய்வதைப் பார்த்து, அதையே சின்ன அளவில் செய்யப் போகும்போது அந்தப் பலம் கைநழுவிப் போகிறது. வரப்போகும் சந்திப்புக்கோ வளாக விழாவுக்கோ நீங்கள் பொறுப்பு எடுத்திருந்தால், வேலையைப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.

பட்டியலில் என்னவெல்லாம் தப்பாக இருக்கும்

பெரும்பாலான இடங்களில் முன்னாள் மாணவர் பட்டியல் என்பது சேர்க்கைப் படிவத்திலிருந்து எடுத்த எக்செல் கோப்புதான். அதில் இருக்கும் எண் பல நேரங்களில் அப்பாவுடையது. பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சல் முகவரி, படிப்பு முடிந்த சில மாதங்களில் மூடப்பட்டிருக்கும். திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொண்ட பெண்களை ஃபேஸ்புக்கிலும் லிங்க்ட்இன்னிலும் பழைய பெயரில் தேடிவிட்டு, "கிடைக்கவில்லை" என்று குறித்து வைத்திருப்பார்கள். பல சந்திப்புகளில் பெண்கள் குறைவாக வருவதற்கு அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று காரணம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். முதலில் அவர்களுக்கு அழைப்பு போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். படித்த காலத்துப் பெயர், இப்போதைய பெயர் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

அடுத்தது பேட்ச் குழப்பம். "2009 பேட்ச்" என்றால் சிலருக்கு 2009-இல் சேர்ந்தவர்கள், சிலருக்கு 2009-இல் முடித்தவர்கள். இன்னும் சிலர் பட்டமளிப்பு விழா நடந்த ஆண்டைச் சொல்வார்கள். நான்கு ஆண்டுப் படிப்பில் இது நான்கைந்து ஆண்டு வித்தியாசம். அழைப்பில் "2009–2013" என்று இரண்டு ஆண்டுகளையும் போட்டுவிட்டால் பிரச்சினையே வராது.

பட்டியலைச் சரிபார்க்க ஒரு ஊழியரைத் தனியாக உட்கார வைப்பதில் பயனில்லை. அவருக்கு யாரையும் தெரியாது. பேட்சுக்கு ஒருவரைப் பிடியுங்கள். இருபது முப்பது பெயர்களை அவரிடம் கொடுத்து, "இவர்களில் யாருடன் தொடர்பு இருக்கிறது, யார் எண்ணை மாற்றியிருக்கிறார்கள், யார் நம்மோடு இல்லை?" என்று கேளுங்கள். ஒரு வாரத்தில் பாதிப் பட்டியல் சரியாகிவிடும். மறைந்தவர்களின் பெயரை அழித்துவிடாதீர்கள். தனியாகக் குறித்து வைத்து, சந்திப்பு அன்று வாசியுங்கள். குடும்பத்தினர் வர விரும்பினால் அவர்களுக்கும் இடம் இருக்கட்டும்.

சின்ன இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால் வில்லியம்ஸ் கல்லூரியின் கதையைச் சொல்வேன். அமெரிக்காவில் 1793-இல் தொடங்கிய சின்னக் கல்லூரி அது. 1821-இல் அதன் தலைவரே சில மாணவர்களையும் அழைத்துக்கொண்டு, புதிதாகத் தொடங்கிய ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்குப் போய்விட்டார். கல்லூரி மூடப்பட்டுவிடும் என்ற நிலை. அப்போது அங்கே படித்தவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்துக் கல்லூரிக்குத் துணை நின்றார்கள். அந்தக் கல்லூரியும் அந்தச் சங்கமும் இன்றும் இருக்கின்றன. இடைவெளி இல்லாமல் இயங்கிவரும் முன்னாள் மாணவர் சங்கங்களில் உலகிலேயே மூத்ததாக அதைச் சொல்கிறார்கள்.

தேதியும் நேரமும்

சிறப்பு விருந்தினர் எப்போது வருவார் என்று பார்த்துத் தேதி வைப்பது முதல் தவறு. அவர் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவார். வெளியூரிலிருந்து வருபவருக்கு விடுப்பு, பயணச்சீட்டு, குழந்தைகளின் பள்ளி என்று எல்லாம் கூடி வர வேண்டும். குறைந்தது மூன்று மாதம் முன்பே தேதியை மட்டுமாவது சொல்லிவிடுங்கள். நிகழ்ச்சி நிரல் பிறகு வரட்டும். அதற்கு முன் தேர்வு அட்டவணையையும், பிற துறைகளின் கருத்தரங்குகளையும், விளையாட்டு விழாவையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இருப்பது ஒரே அரங்கம் என்றால் இதில் சறுக்கல் சுலபமாக வரும்.

05/06 என்று தேதி எழுதாதீர்கள். அமெரிக்காவில் இருப்பவர் அதை மே 6 என்று படிப்பார், மற்றவர்கள் ஜூன் 5 என்று படிப்பார்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், கிழமையையும் ஆண்டையும் சேருங்கள். ஆண்டு இல்லாத போஸ்டர் அடுத்த ஆண்டு வாட்ஸ்அப்பில் மறுபடி சுற்றும். "வெள்ளிக்கிழமை நள்ளிரவு 12 மணி வரை பதிவு செய்யலாம்" என்பதும் வேண்டாம். அது வியாழன் முடியும் நேரமா, வெள்ளி முடியும் நேரமா என்று ஆளுக்கு ஒன்று நினைப்பார்கள். இரவு 11:59 என்று எழுதினால் தெளிவு.

இணையவழிச் சந்திப்பு என்றால் நேர மண்டலம் காலை வாரிவிடும். சிங்கப்பூரில் இரவு 8 மணி என்பது லண்டனில் குளிர்காலத்தில் பகல் 12, கோடையில் பிற்பகல் 1. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுகிறார்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறுதான் மாற்றுகிறார்கள். இடைப்பட்ட வாரங்களில் இந்த இரண்டு பக்கத்துக்கும் இடையிலான வித்தியாசமே மாறிவிடும். ஆகவே நான்கைந்து நகரங்களின் நேரத்தைக் கணக்குப் போட்டு அழைப்பிலேயே எழுதிவிடுங்கள், அதுவும் அந்தத் தேதிக்கான கணக்காக இருக்கட்டும். காலண்டர் கோப்பு ஒன்றையும் இணைத்தால் அவரவர் போனே சரியான நேரத்தைக் காட்டிவிடும்.

அழைப்பு எப்படிப் போகிறது

போஸ்டர் ஒன்று தயாரித்து, வாட்ஸ்அப்பில் போட்டு, "எல்லாருக்கும் ஃபார்வர்டு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். அந்தக் கூட்டத்தில் உங்கள் போஸ்டர் அரை மணி நேரத்தில் மேலே போய்விடும். போஸ்டர் வெறும் படம் என்பதால் அதற்குள் இருக்கும் தேதியையோ இடத்தையோ சுலபமாக நகலெடுக்க முடியாது. பார்வை குறைந்தவர்களின் போன் அதை வாசித்துக் காட்டவும் சிரமப்படும். எனவே படத்துக்குக் கீழே அதே விவரத்தை எழுத்திலும் போடுங்கள். இடமோ நேரமோ மாறினால் பழைய போஸ்டர்தான் அதிகம் சுற்றும். அதனால் எந்தப் போஸ்டரிலும் மாறாத ஒரே இணைப்பைக் கொடுத்து, மாற்றங்களை அந்தப் பக்கத்தில் செய்யுங்கள். க்யூஆர் கோடு போட்டால், அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தாளில் எடுத்து, சுவரில் ஒட்டி, நாலடி தள்ளி நின்று ஸ்கேன் செய்து பாருங்கள். இலவசச் சேவைகளில் உருவாக்கிய சில கோடுகள் சில வாரங்களில் செயலிழந்துவிடும். அதையும் கவனிக்க வேண்டும்.

மின்னஞ்சலில் முந்நூறு முகவரிகளை 'டு' கட்டத்தில் போட்டு அனுப்புவது இன்னும் நடக்கிறது. ஒருவருடைய முகவரி முந்நூறு பேருக்குத் தெரிந்துவிடுகிறது, அதில் ஒருவர் 'ரிப்ளை ஆல்' அழுத்தினால் எல்லோருக்கும் தொல்லை. பெறுபவர்களின் முகவரியை மற்றவர்களுக்குக் காட்டாத 'பிசிசி' கட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. இன்னொன்று, 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் தனக்கு அஞ்சல் அனுப்புபவர்களுக்கான விதிகளைக் கடுமையாக்கியிருக்கிறது. அஞ்சல் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் அமைப்புகள் பல்கலைக்கழகத்தின் டொமைனில் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பிறகு வரும் பெயர்) சரியாக இல்லையென்றால் உங்கள் அழைப்பு ஸ்பேமுக்குப் போகலாம், திரும்பியும் வரலாம். கணினிப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும், சின்ன இடத்தில் ஆளைக் கூட்டி வருவது பழகிய குரல்தான். "நீ வர்றியா? வந்தா நானும் வர்றேன்" என்று பேட்சில் ஒருவர் கேட்கும் ஒரு அழைப்புக்கு நூறு போஸ்டர் ஈடாகாது.

பதிவுப் படிவம் விரட்டிவிடும் ஆட்கள்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தத் தவறு கண்ணுக்குத் தெரிவதில்லை. கூகுள் ஃபார்மைத் திறந்தால் பெயர், துறை, ஆண்டு என்று ஆரம்பிக்கிறது. அடுத்து "தற்போதைய பதவி", "நிறுவனம்", பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் மேலே போக முடியாது. வேலை போய் ஆறு மாதமான ஒருவர் அந்தக் கட்டத்தின் முன் என்ன செய்வார்? குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர், படிப்பை முடிக்காமல் நின்றவர், படித்த துறைக்குச் சம்பந்தமில்லாத வேலையில் இருப்பவர் எல்லோரும் அங்கேயே பக்கத்தை மூடிவிடுவார்கள். நமக்குத் தெரிவதெல்லாம் "இந்த வருஷம் பதிவு கம்மி" என்பது மட்டும்தான்.

"செட்டில் ஆன பிறகு வர்றேன்" என்று பல ஆண்டுகள் தள்ளிப்போட்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. கடைசியில் இழுத்துக்கொண்டு போனேன். வரவேற்பு மேசையில் கொடுத்த பெயர் அட்டையில் பெயருக்குக் கீழே பதவிக்கு ஒரு வரி இருந்தது. மற்றவர்களுக்கு மேலாளர், பேராசிரியர் என்று அச்சாகியிருந்தது. அவருடையதில் ஒரு சின்னக் கோடு மட்டும். அவர் அதைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அன்று முழுக்க அட்டை வெளியே வரவில்லை.

படிவத்தில் பெயர், துறை, ஆண்டு, தொடர்பு எண், எத்தனை பேர் வருகிறீர்கள், படியேறுவதில் சிரமம் போன்ற உதவித் தேவை ஏதும் உண்டா என்ற அளவு போதும். பணி விவரம் தேவைப்பட்டால் விருப்பக் கேள்வியாக வையுங்கள், எதற்குக் கேட்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். அட்டையில் பெயரும் ஆண்டும் துறையும் இருக்கட்டும். இருபது ஆண்டில் முகம் மாறியிருக்கும் என்பதால் பெயர் பெரிய எழுத்தில், இரண்டடி தூரத்திலிருந்து குனியாமல் படிக்கும்படி இருக்க வேண்டும். கயிற்றில் தொங்கும் அட்டை எப்படியும் திரும்பிக்கொள்ளும், அதனால் இரண்டு பக்கமும் அச்சிடுங்கள்.

நிகழ்ச்சி அன்று

ஏழு பேச்சாளர்கள், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று நிரலில் இருக்கும். யாரும் ஐந்தில் முடிப்பதில்லை. பன்னிரண்டு நிமிடம் என்று வைத்தால் 84 நிமிடம் போய்விடுகிறது. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்க வந்தவர்கள். பின்வரிசையில் குசுகுசுவென்று பேசுபவர்களைப் பார்த்து, "அமைதியாக இருங்கள்" என்று மேடையிலிருந்து சொல்வதைக் கேட்டு எனக்கு மனசு கஷ்டமாக இருந்திருக்கிறது. வரவேற்பு, மறைந்தவர்களுக்கு அஞ்சலி, பல்கலைக்கழகம் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு சின்ன உரை, எல்லாம் நாற்பது நிமிடத்தில் முடியட்டும். அப்புறம் பழைய வகுப்பறையையும் ஆய்வகத்தையும் நூலகத்தையும் திறந்து விடுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முந்தின நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். விடுமுறை நாளில் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன்.

எண்பது பேர் வரும் இடத்தில் ஐந்து இணை அமர்வுகள் வைக்காதீர்கள். பெரிய மாநாடுகளுக்கு அது சரி. இங்கே ஒரு அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், பேச வந்தவர் சங்கடப்படுவார். பெரிய அரங்கில் பாதி நாற்காலி காலியாகக் கிடப்பதைவிட, சின்ன அறை நிறைந்திருப்பது எவ்வளவோ மேல்.

ஓய்வு பெற்ற பேராசிரியர்களை அழைப்பவர்கள் ஆய்வக உதவியாளரையும் நூலகரையும் விடுதிக் காப்பாளரையும் மறந்துவிடுகிறார்கள். பல மாணவர்கள் முதலில் தேடுவது அவர்களைத்தான். வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் தரைத்தளத்திலேயே அரங்கம் வேண்டும். "மைக் வேண்டாம், என் குரல் கேட்கும்" என்று சொல்லும் பேச்சாளர் கையில் மைக்கைக் கொடுத்துவிடுங்கள். காது மந்தமானவர்கள் எழுந்து நின்று "கேட்கவில்லை" என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது படிக்கும் மாணவர்களை நாற்காலி தூக்கவும் வழிகாட்டவும் மட்டும் நிறுத்தி வைப்பதும் பெரிய வீணடிப்பு. ஒரு மேசைக்கு இரண்டு முன்னாள் மாணவர்கள், நான்கைந்து மாணவர்கள் என்று உட்கார வையுங்கள். முதல் வேலை எப்படிக் கிடைத்தது, எங்கே தடுமாறினீர்கள் என்று அவர்கள் கேட்கட்டும். மேடையில் சொல்லாததெல்லாம் அங்கே வரும்.

நன்கொடை கேட்பது தப்பில்லை. ஆனால் பத்து ஆண்டுகள் தொடர்பே இல்லாமல் இருந்துவிட்டு, முதல் கடிதத்திலேயே கணக்கு எண்ணை அனுப்பாதீர்கள்.

முடிந்த பிறகு

வரவேற்பு மேசையில் ஒரு நோட்டில் புதிய எண்களையும் முகவரிகளையும் எழுதி வாங்குவார்கள். அந்த நோட்டு பெரும்பாலும் பேனர், மிஞ்சிய அட்டைகளோடு ஒரு பெட்டிக்குள் போய்விடும். அடுத்த ஆண்டு மறுபடி பழைய எக்செல் கோப்பு வெளியே வரும். நோட்டை யார் எடுத்துப் போய், எந்தத் தேதிக்குள் கோப்பில் ஏற்றுவார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். புகைப்படங்களைப் பொதுவில் போடும் முன், வேண்டாம் என்பவர்கள் சொல்ல ஒரு வாய்ப்பு கொடுங்கள். வர முடியாதவர்களுக்கும் ஒரு வாரத்துக்குள் நாலு படமும் இரண்டு வரியும் அனுப்புங்கள். அடுத்த முறை வரப்போவது அவர்களாக இருக்கலாம்.

நான் பேசிய அந்த அம்மாவின் எண் இப்போது எங்கள் கோப்பில் சரியான கட்டத்தில் இருக்கிறது. போன சந்திப்பில் பெயர்களை வாசித்து முடித்ததும், அதைப் பதிவு செய்து அன்று சாயங்காலமே அவருக்கு அனுப்பினோம்.