கொழுப்பும் வெள்ளை அணுவும்: ரிப்போர்ட்டைப் படிக்கும்போது செய்யும் தவறுகள்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் முதலில் தடித்த எழுத்தில் இருக்கும் எண்களுக்குத்தான் போகும். ஒரே ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பு) 240, வெள்ளை அணுக்கள் 11,800 என்று இரண்டுமே தடித்திருந்தால், கொழுப்பு ஏறியதால்தான் வெள்ளை அணுவும் ஏறியது என்று மனம் முடிச்சுப் போட்டுவிடும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது இவ்வளவு நேரான தொடர்பாக இருப்பது அபூர்வம்.

நான் பார்த்தவரை அதிகம் நடக்கும் தவறு, உடம்பு சரியில்லாதபோது கொழுப்பைப் பார்ப்பது. காய்ச்சலுக்காக ரத்தம் எடுக்கிறார்கள். சரி, கையோடு கொலஸ்ட்ராலையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். பாக்டீரியாத் தொற்றில் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் ஏறும் (சில வைரஸ் காய்ச்சல்களில் இறங்கவும் செய்யும்). அதே நாட்களில் எல்டிஎல் (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்), எச்டிஎல் (‘நல்ல’ கொலஸ்ட்ரால்) இரண்டும் குறையும், ட்ரைகிளிசரைடு கூடும். உடம்பு இதைத் தற்காப்புக்காகவும் செய்கிறது: கொழுப்பைச் சுமந்து செல்லும் துகள்கள் பாக்டீரியாவின் நச்சையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இது புரியாமல், எப்போதும் 160 காட்டும் எல்டிஎல் காய்ச்சலில் 120 ஆனதும் மகிழ்ந்துபோய் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. மாரடைப்பு வந்தவருக்கும் இதே கதைதான். முதல் 24 மணி நேரத்துக்குள் பார்த்தால் ஓரளவு நம்பலாம். அதற்குப் பிறகு எல்டிஎல் இறங்கிப்போய், பழைய நிலைக்கு வரப் பல வாரங்கள் ஆகும். நோய் தீர்ந்து சில வாரம் கழித்து எடுக்கும் ரிப்போர்ட்தான் உங்கள் உண்மையான கணக்கு.

அடுத்தது, கொழுப்பு, வெள்ளை அணு இரண்டின் எண்களையும் சேர்த்து மாற்றுகிற மூன்றாவது ஆளைத் தேடாமல் விடுவது. சிகரெட் வெள்ளை அணுக்களைக் கூட்டும், எச்டிஎல்லைக் குறைக்கும். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, அழற்சியைத் (வெள்ளை அணுக்களைக் கூட்டும் உடம்பின் எதிர்ப்பு நிலை) தூண்டும் பொருட்களைச் சுரக்கும்; கல்லீரலை நிறைய ட்ரைகிளிசரைடு தயாரிக்கவும் வைக்கும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளாலும் இரண்டு எண்களும் ஏறலாம். டாக்டர் கேட்காவிட்டாலும் இவற்றை நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

ட்ரைகிளிசரைடு கூடி எச்டிஎல் குறைந்தவர்களுக்கு வெள்ளை அணுக்கள் சராசரியாகச் சற்று அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதை அப்படியே தன் ரிப்போர்ட்டுக்குப் பொருத்திப் பார்ப்பதும் தவறு. அந்த ஏற்றம் பெரும்பாலும் 4,000 முதல் 11,000 வரையிலான வழக்கமான எல்லைக்குள்ளேயே நிற்கும். 6,500 இருந்தவருக்கு 7,500 ஆனால் ரிப்போர்ட் எதையும் தடித்துக் காட்டாது. 30,000 வந்திருந்தால், ‘கொலஸ்ட்ரால் அதிகம், அதனால்தான்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. எந்த வகை அணு கூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ரோஸ்கோப்பிலும் பார்க்க வேண்டும்.

வெள்ளை அணு நார்மல், ஆகவே ரத்தக்குழாயில் பிரச்சினை இல்லை என்று நினைப்பது இந்தத் தவறின் மறுபக்கம். மோனோசைட் என்ற வெள்ளை அணு குழாயின் சுவருக்குள் புகுந்து, கொழுப்பை விழுங்கி, நுரை அணுவாக மாறி அங்கேயே தங்கிவிடும். அடைப்பு இப்படித்தான் தொடங்குகிறது. சுவருக்குள் நடக்கும் இந்த வேலை ரத்தத்தில் எண்ணும் கணக்கில் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், எல்டிஎல்லைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைத்த மருந்து மாரடைப்பையும் குறைத்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகளும் அந்த மருந்தோடு கூடின. அழற்சியைத் தணிப்பது அவ்வளவு எளிய வேலையாக இல்லை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ட்ரைகிளிசரைடு மிக அதிகமானால் ரத்தத்தின் தெளிநீர் பால்போல வெளுத்துவிடும். அந்தக் கலங்கலில் மெஷின் ஏமாந்து, ஹீமோகுளோபினை இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். சில மெஷின்களில் அணுக்களின் எண்ணிக்கையும் தப்பும். அப்படி வந்தால் லேபில் கேட்டு மறுபடி பார்க்கச் சொல்லலாம். ஆனால் ட்ரைகிளிசரைடு 1,000ஐத் தாண்டி, மேல் வயிற்றில் கடும் வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் மெஷினைச் சந்தேகித்துக்கொண்டு உட்கார நேரமில்லை. அது கணைய அழற்சியாக இருக்கலாம், வெள்ளை அணுக்களும் அதனாலேயே ஏறியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.