பெயர் தெரியாதவர்களின் படங்களைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழம்பொருள் வாங்க வருகிறவர்களில் சிலர், பழைய குடும்பப் படங்களை அவற்றின் மரச்சட்டத்துக்காகவே வாங்குவார்கள். படத்தை உருவிப் போட்டுவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடி பதித்துக்கொள்வார்கள். எனக்கு வேண்டியது அந்த உருவிப் போட்ட படம்.

உங்களுக்கும் அதுதான் வேண்டுமென்றால், கடைக்காரரிடம் எடுத்த எடுப்பில் விலை கேட்காதீர்கள். "அண்ணே, இது எந்த ஊர் வீட்டுல இருந்து வந்துச்சு?" என்று கேளுங்கள். தேவகோட்டையா, கானாடுகாத்தானா என்பது அவருக்குத்தான் தெரியும். படம் இன்னொரு கை மாறினால் அதுவும் போச்சு. ஒரே வீட்டுப் படங்கள் நாலு இருந்தால் நாலையும் சேர்த்தே வாங்குங்கள். ஒன்றில் மாப்பிள்ளையாக நிற்பவர், இன்னொன்றில் தலை நரைத்துப் பேரனோடு உட்கார்ந்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் முகத்தைப் பார்க்கத்தான் மனசு ஓடும். நான் பின்பக்கத்தில் தொடங்குவேன். ஸ்டூடியோ முத்திரையில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972-க்கு முந்தியது அல்ல. செட்டிநாட்டுப் படங்களில் ரங்கூன், பினாங்கு முத்திரைகளும் வரும். சிலவற்றில் தமிழ் வருடம் மட்டும் எழுதியிருக்கும். 'சித்திரபானு, ஐப்பசி' என்றால் 1942. ஆனால் அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புவதால் 1882 ஆகவும் இருக்கலாம். அதைத் தாள் சொல்லும். படத்தைச் சாய்த்துப் பிடிக்கும்போது கறுத்த இடங்களின் ஓரத்தில் வெள்ளிப் பூச்சு மாதிரி மின்னினால் பெரும்பாலும் ஜெலட்டின் பூசிய தாள், பிந்தைய காலத்தது. அதற்கு முந்தைய, முட்டை வெண்கரு பூசிய தாள் மிக மெல்லிசு. பழுப்பேறி, கெட்டி அட்டையில் ஒட்டியிருக்கும்.

அப்புறம் முகங்கள். ஒரு நோட்டு போடுங்கள். இடப்பக்கம் கண்ணால் கண்டது, வலப்பக்கம் ஊகம். என்னிடம் ஒரு குரூப் போட்டோ இருக்கிறது. நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியின் மடியில் சட்டம் போட்ட சின்னப் படம், அதில் மீசை வைத்த இளைஞர். பக்கத்தில் நிற்கும் பெண்ணின் இரண்டு விரல்கள் அந்தச் சட்டத்தின் மேல் விளிம்பில் படிந்திருக்கின்றன. நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. இவ்வளவும் இடப்பக்கம். குரூப் போட்டோவுக்கு வர முடியாதவரையும் இறந்துபோனவரையும் இப்படிப் படமாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அவள் அவருடைய மனைவி என்றால் அவர் அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டும், பர்மாவிலோ மலேயாவிலோ. தங்கை என்றால் எதுவும் சொல்ல முடியாது. இது வலப்பக்கம். அந்த இரண்டு விரல்களை லென்ஸ் வைத்து எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இறந்தவரை நாற்காலியில் சாய்த்து வைத்து, சுற்றத்தார் சூழ எடுத்த படங்களும் கட்டுகளில் கிடைக்கும். அவற்றையும் பத்திரமாக வையுங்கள், இணையத்தில் போடாதீர்கள். வீட்டார் யாராவது தேடி வந்தால் எந்தப் படமானாலும் கொடுத்துவிடுவதுதான் நியாயம்.

பாதுகாப்புக்குச் சில விஷயங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே கூடாது, அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். ஈரத்துணி ஆகாது. பசைப் பக்க ஆல்பம் படத்தைத் தின்றுவிடும். அமிலமில்லாத காகித உறை போதும். ராமபாணப் பூச்சி சட்டத்தின் பின்பலகைக்குள்தான் குடியிருக்கும், முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். குறிப்புகளை உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள்.

பின்னணித் திரைகளுக்குத் தனியாக ஒரு பட்டியல் வேண்டும். மாடிப்படி, தூண், ஏரி எல்லாம் வரைந்த அந்தத் திரைகளை ஒரு ஸ்டூடியோ வருடக்கணக்கில் மாற்றாமல் வைத்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இடம் உண்டு: புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவன ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்மயமாக்கியிருக்கிறார்கள். அதே தூண், தூணில் அதே கிழிசல், கீழே முத்திரையோடு ஒரு படம் கிடைத்துவிட்டால், முத்திரை இல்லாத உங்கள் படத்துக்கும் ஊர் கிடைத்துவிடும்.